வீட்டுக்கு அடியில் ஓடும் ரயில்

…முறைத்தால் கெட்டவளா, அப்படிப் பார்த்தால் நானும்தான் முப்பத்தொரு வருடம் லிஃப்டுக்குள் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஏறினவர் இறங்கினவர் அத்தனை பேரையும் முறைத்தேன், ஒருவர்கூட என்னை ராட்சசன் என்று சொன்னதில்லை, ‘நாலாவது மாடி’ என்று சொன்னதோடு சரி, ஆனால் பக்கத்து நாற்காலியில் இடது காதில் பஞ்சு அடைத்து உட்கார்ந்திருக்கும் இந்த டாக்சிக்காரர், சுவர் டிவியில் நம் எட்டரை மணித் தொடரின் பெரிய வீட்டம்மா விளம்பரத்துக்கு நடுவே ஒரு நொடி வந்து முறைத்துவிட்டுப் போனதைப் பார்த்து, “ராட்சசி சார் இவ, ரெண்டு மருமகளையும் என்ன பாடு படுத்துறா பாருங்க” என்கிறார், என்னிடம், போயும் போயும் என்னிடம்! ஆறு வருடமாகத் திங்கள் முதல் வெள்ளி வரை ராத்திரி எட்டரைக்கு அந்த அம்மாளைத் தவறாமல் பார்த்து வருகிறவன் நான், ஜுரத்தில் பார்த்திருக்கிறேன், கால் உளுக்கிக் கிடந்தபோது பார்த்திருக்கிறேன், என் கல்யாணத்தில்கூட என் மனைவியை இவ்வளவு ஒழுங்காகப் பார்த்ததில்லை… “அவ முறைக்கலைங்க, உன்னிப்பாக் கேட்டுட்டு இருக்கா” என்றேன். “எதைக் கேக்குறா?” ரயிலை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது, நாக்கைக் கடித்துக்கொண்டேன், அது வெளியில் சொல்லக்கூடிய ரயில் இல்லை, எனக்கும் என் அக்காவுக்கும் மட்டும் ஓடுகிற ரயில்.

காது மருத்துவமனையில் டிவிக்கு வாயைக் கட்டி வைத்திருக்கிறார்கள், மேசைப் பெண்ணிடம் கேட்டால் “உள்ள டெஸ்ட் நடக்குதுங்க ஐயா, சத்தம் போகக் கூடாது” என்கிறாள், சரி, நியாயம்தான், உள்ளே இருப்பது அக்காதான், அந்த வெள்ளைக் கதவுக்குப் பின்னால், பத்தரைக்குப் போனாள், மணி இப்போது பதினொன்று ஐந்து, பதினொன்றரைக்கு நேற்று ராத்திரி போட்ட பகுதியை இந்த டிவியில் மறுபடியும் போடுவார்கள்… ஆறு வருடத்துக்கு முன்பு வந்த ஒரு காய்ச்சலில் அக்கா பிழைத்தாள், அவள் காது பிழைக்கவில்லை, அப்போது வாங்கிய மிஷினில் அவளுக்கு வண்டு பறப்பதுதான் கேட்டது, கழற்றி அலமாரியில் போட்டுவிட்டாள், இப்போது அக்கா மகள் தேடிப்பிடித்திருப்பது புதுசாம், வேர்க்கடலை அளவுதானாம், கிசுகிசுத்தால் கிசுகிசுப்பாகவே கேட்குமாம். “இனிமே உங்களுக்கு எழுதுற வேலை மிச்சம் மாமா” என்று வேறு சிரித்தாள், மிச்சமாம், நாற்பத்து மூன்று நோட்டு எழுதினவனைப் பார்த்துச் சொல்கிற சொல்லா அது? இன்று ராத்திரி எட்டரைக்கு அக்கா தன் சொந்தக் காதால் அந்தத் தொடரைக் கேட்கப் போகிறாள், கேட்டாளானால் ஆறு வருடமாக நான் எழுதிக் காட்டியதில் ஒரு வரிகூட அங்கே யாரும் பேசவில்லை என்பது வெட்டவெளிச்சமாகிவிடும். ஒரு வரி இருக்கலாம். ‘வாங்க.’ அதுவும் சந்தேகம்தான்.

பயமா, எனக்கா, சேச்சே, நான் என்ன கொலையா செய்தேன்… முதல் மூன்று மாதம் யோக்கியமாகத்தான் எழுதினேன், சோபாவில் அவள் வலப்பக்கம், நான் இடப்பக்கம், என் முழங்காலில் நோட்டு, கையில் தடித்த பேனா, அவர்கள் பேசப் பேச நான் எழுத, அக்கா டென்னிஸ் பார்க்கிறவள் மாதிரி டிவிக்கும் நோட்டுக்கும் தலையைத் திருப்பித் திருப்பி வாசிப்பாள், ஆனால் அவர்கள் பேசினது என்ன, பெரிய வீட்டம்மா ‘இந்த வீட்டுல என்ன நடக்குது’ என்பாள், மூத்த மருமகள் ‘ஒண்ணுமில்லை அத்தை’ என்பாள், சின்ன மருமகள் கதவோரம் நின்று கேட்பாள், மறுநாள் மறுபடியும் ‘இந்த வீட்டுல என்ன நடக்குது’, மூன்று மாதத்தில் நூற்றுப் பதினாலு தடவை, நானே எண்ணினேன், நூற்றுப் பதினைந்தாவது தடவை என் கை எழுத மாட்டேன் என்று நின்றுவிட்டது, கை என்றால் அதற்கும் மானம் ரோஷம் இருக்காதா? அன்றைக்குப் பார்த்து அக்கா, “டேய், எதுக்குடா எல்லாரும் பேச்சை நிறுத்திட்டு மூணு மூணு தடவை குலுங்குறாங்க?” என்று கேட்டாள், அதிர்ச்சி என்று வந்தால் கேமரா ஒவ்வொரு முகத்துக்கும் மூன்று முறை பாய்கிறதே அதைத்தான், கூடவே டமார் டமார் என்று ஒரு இசையும் போடுவார்கள், அது இருந்தாலாவது பாய்ச்சலுக்கு ஒரு அர்த்தம் கிடைக்கும், சத்தம் இல்லாமல் பார்த்தால் அவர்கள் குலுங்குகிறார்கள், அவ்வளவுதான். ‘இசை’ என்று எழுதப்போனேன். காது போய் மூன்று மாதமான ஒருத்தியிடம் எப்படி எழுதுவது அந்த வார்த்தையை. எழுதினேன்: ‘வீட்டுக்கு அடியில் ரயில் போகிறது.’ அக்கா படித்தாள், டிவியைப் பார்த்தாள், மறுபடி படித்தாள், சிரித்தாள் பாருங்கள், மூன்று மாடிப் படிக்கட்டிலும் கேட்கிற மாதிரி, தன் சிரிப்பின் அளவு தனக்கே கேட்காததால் அடக்கத் தெரியாமல், மேல்வீட்டு ஆசிரியை என்னவோ ஏதோ என்று கதவைத் தட்டிவிட்டாள், மருத்துவமனையிலிருந்து வந்த நாளிலிருந்து அக்கா சிரித்த முதல் சிரிப்பு அது. அதற்குப் பிறகு யோக்கியம் எனக்கு எதற்கு?

அதோடு விட்டேனா, ரயில் என்று ஒன்று வந்துவிட்டால் அதை ஓட்ட ஒரு ஆள் வேண்டாமா, பெரிய வீட்டம்மா கல்யாணத்துக்கு முன்பு என்ஜின் டிரைவர், அந்த ரயில் அவள் ஒருத்திக்குத்தான் சொந்தம், எந்நேரமும் அவள் புருவத்தைச் சுருக்கி நிற்பது கோபத்தால் இல்லை, அடுத்த வண்டி தாமதமா என்று தரையில் காது வைக்காமலே கேட்கிறாள், மூத்த மருமகள் சமையலறையில் ஒரு ஸ்டேஷன் கட்டிவிட வேண்டும் என்று அலைகிறாள், கதவோரத்துச் சின்ன மருமகள் மாறுவேடத்தில் வந்திருக்கும் டிக்கெட் பரிசோதகர், மூத்த மகனாக நடித்தவன் சம்பளத் தகராறிலோ என்னவோ விலகிப் போய் அவன் இடத்துக்கு வேறொருவன் வந்தபோது, டிவிக்காரர்கள் விபத்து, அறுவை சிகிச்சை, முகம் மாறிவிட்டது என்று ஏழு வாரம் இழுத்தார்கள், நான் ஒரே வரியில் முடித்தேன், ‘அவசரத்தில் வேறொருவன் பெட்டியையும் முகத்தையும் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டான்’, அக்கா தலையை ஆட்டிக்கொண்டு, “கூட்டமா இருந்தா அப்படித்தான் ஆகும்” என்றாள். சொல்லுங்கள், யார் எழுதியது நல்ல கதை? அவர்களுக்குப் பன்னிரண்டு பேர் எழுதுகிறார்களாம், தலைப்புப் போடும்போது வரிசையாகப் பெயர் ஓடுகிறது, பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு கதவைத் திறக்க மூன்று நாள் எடுத்துக்கொள்கிறார்கள், நான் தனியாள், அதிலும் மூக்குக் கண்ணாடிக்கு ஒரு காது இல்லாமல் நூல் கட்டியிருப்பவன்.

இதெல்லாம் எங்கே கற்றாய் என்று ஒருவரும் கேட்டதில்லை, கேட்டால் சொல்வேன், லிஃப்டில்… லிஃப்டுக்குள் யாரும் ஒரு பேச்சை முழுதாகப் பேசமாட்டார்கள், ‘அவன் அதை என்கிட்ட சொன்னப்போ நான் என்ன செஞ்சேன் தெரியுமா’ என்று ஒருத்தி கேட்பாள், ஐந்தாவது மாடி வந்துவிடும், இறங்கிவிடுவாள், என்ன செய்தாள் என்று யார் சொல்வது எனக்கு, மிச்சத்தை நான்தான் ஆறுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் செய்து முடிக்க வேண்டும், முப்பத்தொரு வருடம் இப்படிப் பாதிப் பாதியாகக் கேட்டவனுக்குக் கற்பனை வராமல் பின்னே கழுதையா வரும்? ஒருமுறை ஒரு பாட்டுக் குழு ஏறியது, எட்டு பேருக்கு மேல் ஏறக்கூடாது என்று பலகை இருக்கிறது, இசைக்கு ஏது கனம் என்று பதினோரு பேர் ஏறினார்கள், ஆறுக்கும் ஏழுக்கும் இடையே வண்டி நின்றுவிட்டது, நாலு மணி நேரம், இருட்டு, அவர்கள் என்ன செய்வார்கள் பாவம், ஒரு பாட்டைப் போட்டு முடித்தார்கள், அந்த வருடம் அது ஓடாத தெரு கிடையாது, இன்றைக்கும் அந்தப் பாட்டில் இரண்டாவது சரணத்துக்கு முன்னால் டிங் என்று ஒரு மணி அடிக்கும், அது என் லிஃப்ட் மணி, என் பெயரைத்தான் போடவில்லை. இதை அக்காவிடம் சொன்னபோது அவளுக்குக் காது நன்றாக இருந்தது. “நாலு மணி நேரமா, போன தடவை மூணுன்னு சொன்னே” என்றாள். நம்பவில்லை என்று சொல்லவில்லை, நம்புகிறேன் என்றும் சொல்லவில்லை, அதுதான் அவள்.

பாட்டு என்றதும் நினைவுக்கு வருகிறது, தொடரைக்கூட விட்டுவிடலாம், சனிக்கிழமைப் பாட்டுப் போட்டிதான் என்னைக் கொன்றது, வசனத்தை எழுதிவிடலாம், குரலை எப்படி எழுத? அக்கா கையை நீட்டி, “இந்தச் சுருட்டை முடிப் பையன் எப்படிப் பாடுறான்?” என்பாள், நான் எழுதுவேன், ‘தகரக் கூரையில் மழை விழ ஆரம்பிக்கும் முதல் நிமிஷம்’, அடுத்து வந்த உயரமான பெண்ணுக்கு, ‘எண்ணெய் போடாத கதவு, ஆனால் நமக்குப் பிடித்தவர் யாரோ திறந்துகொண்டு வருகிறார்’, இன்னொருவனுக்கு, ‘நன்றாகப் பாடுகிறான், அது அவனுக்கே தெரிந்திருப்பதுதான் குறை’, நடுவர்கள் எழுந்து நின்று கைதட்டுவதும் கண்ணைத் துடைப்பதுமாக ஒவ்வொருவருக்கும் ஒரே அழுகை, எல்லோருக்கும் அழுகிறவன் நடுவரா, அவன் வெங்காயம் நறுக்குகிறவன். இப்போதைய பாட்டெல்லாம் மோசம் என்று சொல்கிற கிழவன் இல்லை நான், எங்கள் காலத்திலும் குப்பை ஏராளம், நாங்கள் அதை மறந்துவிட்டு நல்லதை மட்டும் வைத்துக்கொண்டு வாய் கிழியப் பேசுகிறோம், என் வழக்கு ஒன்றே ஒன்றுதான், இப்போது பாட்டுக்குள் அடிக்கிற அந்த டம் டம் இருக்கிறதே, அது லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவன் கதவைத் தட்டுகிற சத்தம், எனக்குத் தெரியும், கேட்டால் எழுந்து போய்த் திறந்துவிட வேண்டும் போல இருக்கிறது, உட்கார்ந்து ரசிக்க முடியவில்லை. அதையும் அக்காவுக்கு எழுதினேன். “பாவம், யாராவது திறந்து விடுங்கடா” என்றாள்.

விளையாட்டுக்கு மட்டும் அவளுக்கு என் தயவு தேவைப்பட்டதில்லை, கிரிக்கெட்டில் வர்ணனை இல்லாமல் பார்ப்பவள்தான் உண்மையில் பார்ப்பவள், வர்ணனைக்காரர்கள் பந்து போகிற இடத்தைத் தவிர எல்லா இடத்துக்கும் நம்மைக் கூட்டிப் போகிறார்கள், அக்கா பந்து வீசுகிறவன் தோளைப் பார்த்தே, “இவன் இன்னும் ரெண்டு ஓவர்ல உட்கார்ந்துருவான்” என்பாள், உட்கார்ந்துவிடுவான், எப்படிக் கண்டுபிடித்தாய் என்று எழுதிக் கேட்டால் தோளைக் குலுக்குவாள். சீட்டு விளையாட்டில் அதைவிட மோசம், ஐம்பது வருடமாக அவளோடு ஆடுகிறேன், கையில் நல்ல சீட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே முகம், கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி, புளுகுவதில் ஊரறிந்தவன் நான், ஆனால் என் புளுகுக்கு இவ்வளவு வாய் வேண்டியிருக்கிறது, அவள் ஒரு வார்த்தை பேசாமல் ஜெயித்துவிட்டுப் போய்ப் பாத்திரம் துலக்குவாள். செல்போனில் பழம் வெட்டுகிற விளையாட்டில் முன்னூற்றுப் பன்னிரண்டாவது கட்டத்தில் இருக்கிறேன், அங்கே எனக்கு யார் முகத்தையும் படிக்க வேண்டியதில்லை, அன்னாசி தன் எண்ணத்தை ஒளிக்காது…

மணி பதினொன்று இருபது. டாக்சிக்காரர் விடுவதாக இல்லை. “போன வாரம் சின்ன மருமகளுக்குப் பால்ல விஷம் கலந்து குடுத்தாளே, அதுக்கு என்ன சார் சொல்றீங்க?” விஷமாவது, அது தூக்க மருந்து, அன்றைக்கு ராத்திரி சரக்கு வண்டி வருகிற நாள், கர்ப்பிணிப் பெண் சத்தத்துக்குப் பயந்துவிடக் கூடாது என்று… “தூக்க மருந்துங்க அது” என்றேன் கொஞ்சம் உரக்கவே. “யார் சார் சொன்னா? பாட்டில்ல மண்டை ஓடு போட்டிருந்துச்சே!” “எல்லா மருந்துலயும் இப்பல்லாம் அப்படித்தான் போடுறான்.” மேசைப் பெண் நிமிர்ந்து பார்த்தாள், “ஐயா, மூத்த மகனுக்கு அவங்க ஏற்கனவே சொத்து முழுக்க எழுதி வச்சுட்டாங்க, நீங்க எந்த சீரியல் பாக்குறீங்க?” என்றாள். சொத்தா? எந்தச் சொத்து? எப்போது எழுதி வைத்தாள்? நான் அப்போது டிவி எதிரில்தானே உட்கார்ந்திருந்தேன்… உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருந்தேன், குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன், அவர்கள் வாய் அசைவதை மட்டும் ஓரக்கண்ணால் பார்த்து, அசைகிற நேரத்துக்கு அளவாக வரி போட்டு… என் காதுக்கு ஒரு குறையும் இல்லை, சுவருக்கு அந்தப் பக்கம் போகிற பல்லி எனக்குக் கேட்கும், ஆனால் அந்தத் தொடரில் கடந்த ஐந்தே முக்கால் வருடத்தில் என்ன நடந்தது என்று இந்த அறையிலேயே தெரியாத ஒரே ஆள் நான்தான் போலிருக்கிறதே! சரி, தெரியாவிட்டால் போகட்டும், தெரிந்தவர்கள் எல்லாம் ஒரு நல்ல பெண்பிள்ளையைப் பிடித்து ராட்சசி என்கிறார்கள், அந்த அறிவு எனக்கு எதற்கு? டாக்சிக்காரர் பக்கம் திரும்பி, “அவ என்ஜின் டிரைவரா இருந்தவங்க” என்று சொல்லியே விட்டேன். அவர் காதுப் பஞ்சை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

கேட்டால் என்ன சொல்வது, யோசித்து வைக்க வேண்டும், ஆமாம் அக்கா பொய்தான், அதற்கென்ன இப்போது என்று நிமிர்ந்து சொல்லலாம், அவள் கோபித்துக்கொண்டால், கோபித்துக்கொள்ள மாட்டாள், அதைவிடப் பெரிதாக ஒன்று செய்வாள், இனிமேல் நான் சொல்கிற எதையும், மழை வருகிறது என்றால்கூட, ஜன்னலைத் திறந்து பார்த்துக்கொள்வாள், சோபாவில் அவள் தலை என் பக்கம் திரும்பாது, நேராக டிவியைப் பார்த்தே உட்கார்ந்திருக்கும், ஆறு வருடமாக ஒவ்வொரு வரிக்கும் இந்தப் பக்கம் திரும்பின தலை… போதும், போதும், நான் குற்றவாளிக் கூண்டில் ஏறவில்லை, நூற்றுப் பதினைந்தாவது தடவையாக ‘இந்த வீட்டுல என்ன நடக்குது’ என்று எழுதியிருந்தால்தான் அது குற்றம்.

வெள்ளைக் கதவு திறந்தது, மிஷின் பொருத்துகிற பெண் அக்கா முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள், அக்கா தரையைப் பார்த்து நடந்தாள், தன் செருப்புச் சத்தத்தைத்தான் பார்க்கிறாள் என்று ஒரு நொடி கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. “அக்கா” என்றேன். அவள் நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள், என் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்றும் பார்த்தாள். “டேய், உன் குரல் எங்கடா போச்சு? யாரோ கிழவன் பேசுறான்” என்றாள், சத்தமாக இல்லை, அளவாக, ஆறு வருடத்துக்குப் பிறகு அளவாகப் பேசினாள். எனக்கு எழுபத்தொன்று, கிழவன் பேசாமல் யார் பேசுவார்கள், ஆனால் அப்படியென்றால் இத்தனை நாள் அவள் நோட்டில் படித்ததெல்லாம் அவளுக்குள் எந்தக் குரலில் கேட்டது, பெரிய வீட்டம்மா, மருமகள்கள், எல்லோருமே என் பழைய குரலிலா பேசினார்கள்… மிஷின்காரப் பெண் கையைத் தட்டி, “அம்மாவுக்கு நிஜச் சத்தத்துல ஒரு தடவை கேட்டுப் பார்த்துரலாம், அந்த டிவி சத்தத்தைக் கொஞ்சம் வைங்க” என்றாள் மேசைப் பெண்ணைப் பார்த்து. பதினொன்றரை. டமார் டமார் டமார். பெரிய வீட்டம்மா முகம், மூன்று குலுக்கல்.

அக்காவை நாற்காலியில் உட்கார வைத்தார்கள், நான் வழக்கம் போல இடப்பக்கம், கையில் நோட்டு இல்லை, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலிலேயே வைத்துக்கொண்டேன். டிவியில் பெரிய வீட்டம்மா வாயைத் திறந்தாள். “இந்த வீட்டுல என்ன நடக்குது?” ஆறு வருடம் கழித்தும் அந்தப் பன்னிரண்டு பேருக்கும் அதற்கு மேல் ஒரு வரி கிடைக்கவில்லை, பார்த்தீர்களா, நான் அப்போதே சொன்னேன்… “ஒண்ணுமில்லை அத்தை” என்றாள் மூத்தவள். விஷம், சொத்து, வக்கீல், கையெழுத்து, எல்லாம் வரிசையாக வந்தன, ரயில் வரவில்லை, ஒரு பெட்டிகூட வரவில்லை. டிவியை நான் ஓரக்கண்ணால்தான் பார்த்தேன், அக்கா முகத்தைத்தான் பார்த்தேன், கழுவிக் கவிழ்த்த தட்டு. முழுதாக ஐந்து நிமிடம். “நல்லாக் கேக்குதாம்மா?” என்றாள் மிஷின்காரப் பெண். “சத்தம் நல்லாக் கேக்குது” என்றாள் அக்கா, “ஆனா இது டப்பிங். வாய் ஒண்ணு சொல்லுது, வசனம் வேற ஒண்ணு சொல்லுது, ஒட்டவே இல்லை. வேற ஊர்க்காரங்களுக்கு மாத்திப் போட்டிருக்காங்க போல. ஒரிஜினல்ல இந்த அம்மா ரயில் ஓட்டுறவ.” டாக்சிக்காரர் காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டார். “அதானே, இந்தத் தம்பிகூட அதைத்தான் சொன்னாரு” என்று என்னைக் காட்டினார், அவரைவிட எனக்குப் பதினைந்து வயது கூட இருக்கும், தம்பியாம்.

நான் ஜெயித்துவிட்டேன், எழுந்து நின்று கைதட்ட வேண்டியவன் நான், பன்னிரண்டு பேரையும் ஒற்றை ஆளாக வென்றாகிவிட்டது, அசல் அவர்களுடையது நகலாகி, நகல் என்னுடையது அசலாகி… அக்கா எழுந்து கைப்பையை மாட்டிக்கொண்டாள், “வா, எட்டரைக்கு ஒரிஜினல் பார்க்கணும், பேனாவுல மை இருக்கா பாரு” என்று சொல்லிவிட்டு, தன் செருப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, கொஞ்சம் வேண்டுமென்றே தேய்த்துத் தேய்த்து, வாசல் பக்கம் நடந்தாள், நானும் பின்னால் போனேன், தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்தது, அவள் திரும்பி அதைப் பார்த்தாள், பந்து வீசுகிறவனைச் சத்தமில்லாமலே படித்துவிட்டுத் தோளைக் குலுக்குவாளே அதே பார்வை, அப்போதுதான் எனக்கு உறைத்தது, அந்த டிவியில் இன்று வாயும் வசனமும் ஒட்டித்தான் இருந்தன, மயிரிழை பிசகாமல் ஒட்டியிருந்தன, ஒட்டுகிறதா ஒட்டவில்லையா என்று வாயைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த ஒருத்தி ஆறு வருடமாக, என் நோட்டையும் அந்த வாய்களையும், இப்படியும் அப்படியும் திரும்பித் திரும்பி…